சுமோ ஆட்டத்தில் எனக்குக் கேட்காத விசில்

கதிர், நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவிடமிருந்து கடிதம் என்றதும் ஏதோ கெட்ட சேதி என்றுதான் நினைப்பாய், தெரியும். இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. நீ டிவியோடு இணைத்துவிட்டுப் போன விளையாட்டுப் பெட்டியில், அந்தச் சுமோ ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தை நேற்றுச் சாயங்காலம் முடித்துவிட்டேன். திரை முழுக்கத் தங்கக் காகிதம் கொட்டியது. குண்டர்கள் இரண்டு பேரும் முகத்தைக் கோணிக்கொண்டு போஸ் கொடுத்தார்கள். நானும் கூடத்தில் நின்று அதே போஸைக் கொடுத்தேன். சிரிக்காதே, அப்பாவும் கொடுத்தார். அது எப்படி நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொல்ல முடியாத ஒன்று இருப்பதால்தான் எழுதுகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை புனேவிலிருந்து கூப்பிட்டு, உனக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது, அவளைத்தான் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாய், அம்மா என்ன சொல்கிறாய் என்று கேட்டாயாம். நான், ‘சரிப்பா, நேரத்துக்குச் சாப்பிடு’ என்றேனாம். அந்தச் சரியை நம்பி நீ அவளிடம் சொல்லி, அவள் தன் அம்மாவிடம் சொல்லி, அவர்கள் பேசிவைத்திருந்த வேறொரு வரனை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அடுத்த வாரம் அப்பாவிடம் சொன்னாயாம். கதிர், அன்று நீ பேசியதில் ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை. நான் எதற்குச் சரி சொன்னேன் என்று எனக்கே தெரியாது. இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் உனக்குத் தெரிந்தே இருக்காது, கல்யாணமும் நடந்திருக்கும். ஆனால் கேட்காமல் சொன்ன ஒரு சொல்லை நம்பி இரண்டு குடும்பம் சம்பந்தம் செய்துகொள்வதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசி வரைக்கும் படித்துவிடு, அதற்குள் போனை எடுத்துவிடாதே.

நீ புனேவுக்குக் கிளம்புவதற்கு முந்தைய மாதம் நினைவிருக்கிறதா? நான் அப்போதுதான் அம்பத்தூர் எஸ்டேட் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பகலெல்லாம் என்ன செய்வதென்று தெரியாமல் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். நீதான் என் கையில் அந்த ரிமோட்டைத் திணித்து, ‘இதுல சண்டை கிடையாதும்மா, தாளம் மட்டும்தான்’ என்றாய். மண் மேடையில் இரண்டு குண்டர்கள், இடுப்பில் ஒரு துணி, தலையில் கொண்டை. மத்தளம் அடிக்கும்போது வயிற்றில் தட்ட வேண்டும். விசில் வந்ததும் காலைத் தூக்கித் தொம்மென்று மிதிக்க வேண்டும். இருவரும் ஒரே சமயத்தில் மிதித்தால் மேடை குலுங்கும், பின்னால் உட்கார்ந்திருக்கும் பூனை துள்ளும். யாரும் யாரையும் தள்ளிவிடுவதில்லை, ஜெயிப்பதும் தோற்பதும் இல்லை, சேர்ந்து மிதித்தால் போதும். கேட்டதும் எனக்குச் சப்பென்று இருந்தது. ஆடிப் பார்த்த பிறகு, அடுப்பில் சாம்பார் பொங்குவதைக்கூட மறந்துவிட்டேன்.

வயிற்றில் தட்டுவதில் நான் மகா மட்டம். ஆனால் மிதிப்பதில் என்னை மிஞ்ச முடியாது என்று நீயே ஒப்புக்கொண்டாய். ரிமோட் பொத்தானை அழுத்தினால் போதும் என்று நீ தலைபாடாக அடித்துக்கொண்டபோதும், நான் எழுந்து நின்று நிஜக் காலால் தரையை மிதித்தேன். அது பழக்கதோஷம். பவர் பிரஸ்ஸில் வேலை செய்தவளிடம் காலைச் சும்மா வை என்றால் எப்படி? தகட்டை உள்ளே வைப்போம், கையை எடுப்போம், காலால் பெடலை மிதிப்போம், மேலேயிருந்து பிரஸ் இறங்கும். கையை எடுக்குமுன் கால் போனால் விரல் போய்விடும். அந்தக் காலால் இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். அதனால் சுமோக்காரன் மிதிக்கும்போது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. டிவி முன்னால் ஒரு டைல்ஸ் பெயர்ந்துகொண்டது மட்டும்தான் நஷ்டம். அப்பா வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, “இன்னாமே, ஊட்ட இடிக்கிறதுன்னு முடிவு பண்ணிகினியா?” என்று கேட்டதும், நீ சோபாவிலிருந்து சரிந்து விழுந்து சிரித்ததும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அந்த பிரஸ் ஷாப்பைப் பற்றி உனக்கு இன்னொன்று தெரியாது. அங்கே காதால் பேச முடியாது. வரிசையாக மிஷின்கள் இடிக்கும் இடத்தில் யார் கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் பெண்கள் எல்லாம் ஒருவர் வாயை ஒருவர் பார்த்தே பேசினோம். உதடு அசைவதைப் பார்த்தால் போதும், முழுக் கதையும் புரியும். யார் மாமியார் என்ன சொன்னாள், யாருக்கு எங்கே மாப்பிள்ளை பார்க்கிறார்கள், சூப்பர்வைசர் எந்தக் கடையில் மீசைக்கு மை வாங்குகிறார், எல்லாம் அவர் முன்னாலேயே சத்தமில்லாமல் ஓடும். அவர் நடுவில் நின்று முழிப்பார். அவ்வளவு சந்தோஷமான வேலை இடம் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. ஆனால் அந்த வித்தைதான் பிறகு என்னையே ஏமாற்றியது. வீட்டிலும் நான் உங்கள் வாயைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். காது கேட்கிறதா இல்லையா என்று சோதித்துப் பார்க்க ஒரு அவசியமே வரவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு யாராவது பேசினால் ‘சரி’ என்றுவிடுவேன். சரி சொன்னால் யாரும் சண்டைக்கு வருவதில்லை பார்.

நீ போன பிறகு தனியாக ஆட ஆரம்பித்தேன். பக்கத்துக் குண்டனை மிஷினே ஆட்டுகிறது, உன் அளவுக்குக் கலகலப்பு இல்லை, இருந்தாலும் ஒப்பேற்றலாம். ஒவ்வொரு கட்டமாக முடித்துக்கொண்டே வந்தேன். கடைசிக் கட்டத்தில் போய் மாட்டிக்கொண்டேன். அதில் ஆட்டம் பாதியில் இருக்கும்போது மேலிருந்து ஒரு திரை விழுந்து குண்டர்களை மறைத்துவிடுகிறது. அதற்கப்புறம் காதை நம்பித்தான் ஆட வேண்டும். மத்தளம் எனக்குக் கேட்டது, தரை வழியாகக் காலுக்கே வந்தது. விசில் மட்டும் வரவில்லை. நான் பாட்டுக்கு மிதிப்பேன், பூனை என்னை முறைக்கும், ஆட்டம் முடிந்துபோகும். அதுவரை பக்கத்துக் குண்டன் காலைத் தூக்குவதைப் பார்த்துத்தான் நானும் தூக்கிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் புரிந்தது. நீ எத்தனையோ தடவை, ‘முந்திக்கிட்டு அடிக்கிறேம்மா’ என்று சொல்வாய். அதை உன் குறும்பு என்று விட்டுவிட்டேன்.

பெட்டியில் விசில் கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டினேன். அப்பாவைக் கேட்டதற்கு, விசில் நன்றாகத்தான் வருகிறது என்றார். அவர் சொன்னதை நான் எந்தக் காலத்தில் நம்பியிருக்கிறேன்? பெட்டியை உன் பழைய பள்ளிக்கூடப் பைக்குள் துண்டு சுற்றி வைத்துக்கொண்டு, திருமுல்லைவாயிலிலிருந்து பஸ் மாறிக் கரையான்சாவடி போனேன். அங்கே மெயின் ரோட்டில் இந்த மாதிரிப் பெட்டிகளை ரிப்பேர் செய்யும் கடை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். கடைக்காரர் உன் வயசுதான் இருப்பார். பெட்டியைத் தன் டிவியில் மாட்டி, சுமோ ஆட்டத்தைப் போட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, “தோ, இப்போ விசில் வரணும். வரல பாரு” என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “வந்துச்சேம்மா” என்றார். “எங்க வந்துச்சு?” என்றேன். சத்தத்தை ஏற்றினார். போனுக்குக் கண்ணாடி மாற்ற வந்திருந்த ஒரு பெண், “எனக்கும் கேட்டுச்சுங்க” என்றாள். வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கடையைத் திரும்பிப் பார்த்தார்கள். ரோட்டுக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை. கடைக்காரர் சத்தத்தைக் குறைத்துவிட்டு, என் முகத்துக்கு நேராக வந்து நின்று மெதுவாகச் சொன்னார். “பொட்டி சோக்கா கீதும்மா. காத ஒருவாட்டி காட்டிகினு வந்துருங்கோ.” அவர் வாய் அசைந்தது முழுக்க எனக்குப் புரிந்தது. தலையாட்டிவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு, இதுவரை எதற்கெல்லாம் சரி சொல்லியிருக்கிறேன் என்று யோசித்தேன். வீடியோ போட்டு நீ பேசும்போது உன் வாய் தெரியும், பிழைத்துக்கொள்வேன். சிக்னல் சரியில்லை என்று நீ படத்தை அணைத்துவிட்டுப் பேசிய நாள் ஒன்று உண்டே, அன்று என்ன பேசினாய்? எனக்கு ஞாபகம் வந்தது அப்பாவின் முகம்தான். அன்று போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் சரி என்றதும் அவர் விருட்டென்று எழுந்து வெளியே போனார். அதிலிருந்து மூன்று வாரமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. டீயைக்கூட வாசலில் உட்கார்ந்துதான் குடித்தார். சர்க்கரைக்காரர், ஏதோ இனிப்பைத் திருடித் தின்றுவிட்டு மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வந்து இறங்கியபோது அவர் கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “அன்னிக்கு புள்ள போன்ல இன்னா சொன்னான்?” என்று கேட்டேன். அவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தார். “கேக்கல, சத்தமா சொல்லு” என்றேன். “சொம்மா நடிக்காத” என்று முகத்தை நிமிர்த்திச் சொன்னார். “நெசமா கேக்கலய்யா. எனக்குக் காது போச்சு” என்றேன். அப்போதுதான் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு இவ்வளவு நாள் அடக்கிவைத்திருந்தது எல்லாம் சேர்ந்து, தெருவே கேட்கிற மாதிரி ஒரு குரல் வந்தது. “உம் புள்ள ஒரு பொண்ண லவ் பண்றான். பேரு ஸ்டெல்லா. பூந்தமல்லி. அவளத்தான் கட்டிக்கப் போறானாம். அதுக்குத்தான் நீ சரி சொல்லிகினு கீற.”

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டுச் சரளா அப்படியே கைப்பிடிச் சுவருக்கு வந்துவிட்டாள். “இன்னாண்ணே, கதிருக்குக் கல்யாணமா? ஒரு வார்த்த சொல்லல?” என்றாள். அப்பா ஆடிப்போய்விட்டார். ஊருக்குத் தெரியக் கூடாது என்று இத்தனை நாள் அவர் வாய்க்குள் வைத்திருந்ததை அவரே தெருவில் கொட்டிவிட்டார். மறுக்கவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை. கொஞ்சம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “ஆமாம்மா. பொண்ணு பக்கத்துலதான், பூந்தமல்லி. புனேல நல்ல வேல” என்றார். அவர் குரலில் ஒரு பெருமை தட்டியதை அவர் முகத்திலேயே பார்த்தேன். சாயங்காலத்துக்குள் சரளா கேசரி கிண்டிக்கொண்டு வந்துவிட்டாள். யாரும் கேட்காமலேயே நம் வீட்டில் ஒரு நிச்சயதார்த்தக் களை வந்துவிட்டது.

அன்று உட்கார வைத்து அவரிடமே முழுக்கக் கேட்டேன். கோபமாக இருந்த மனிதர், நீ பேசினதை ஒரு வரி விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறார், அதுதான் ஆச்சரியம். அவளுக்கு அப்பா இல்லை, அம்மா பூந்தமல்லியில் தையல் கடை வைத்திருக்கிறார், அவளுக்குக் கத்தரிக்காய் ஆகாது, மழை வந்தால் மூக்கு அடைத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் என் முகத்துக்கு நேரே வாயை அசைத்து அசைத்துச் சொன்னார். “அந்தப் பொண்ணாண்டயும் இந்த ஆட்டம் கீதாம். அவளும் உன்ன மாதிரியே முந்திகினு அடிக்கிறாளாம்” என்றபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, “அவங்க வேதக்காரங்கமே, சர்ச்சுக்குப் போறவங்க” என்றார். அதுதான் அவர் வாசலில் உட்கார்ந்து டீ குடித்ததற்குக் காரணம். “அவன் கேட்டு வாய மூடல, நீ சரின்னுட்ட. ஆத்தாளும் புள்ளயும் கூடிப் பேசிகினு என்னாண்ட மறைச்சுட்டீங்கன்னு நெனச்சேன். நீ காதுல வாங்காம சொன்ன சரி எப்டி செல்லும்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். அன்று எனக்குக் காது நன்றாகக் கேட்டிருந்தால் அவ்வளவு சுளுவாகச் சரி சொல்லியிருக்க மாட்டேன். அழுதிருப்பேன். உன் அத்தைகளைக் கூட்டிப் பேசியிருப்பேன். மாரியம்மன் கோயிலுக்குப் போய் உனக்கு நல்ல புத்தி கொடு என்று வேண்டியிருப்பேன். அதையெல்லாம் செய்ய விடாமல் என் செவிட்டுக் காது என்னைக் காப்பாற்றியது என்றுதான் இப்போது தோன்றுகிறது. அதற்காக அந்தச் சரியை அப்படியே உன் கையில் கொடுத்துவிட்டுப் போகவும் மனசு வரவில்லை.

காதைக் காட்ட அம்பத்தூர் போனோம். அங்கே ஒரு பெண் என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, விசில் கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் பாட்டுக்கு விரலைத் தூக்கிக்கொண்டே இருந்தேன். அவள் கதவைத் திறந்து, “ஆண்ட்டி, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. கேட்டப்புறம் தூக்குங்க” என்றாள். காது மிஷின் வந்து இரண்டு வாரம் ஆகிறது. குக்கர் எத்தனை சத்தம் போடுகிறது, உனக்குத் தெரியுமா? என் வளையல் இவ்வளவு பேசும் என்று எனக்குத் தெரியாது. இதில் வசமாக மாட்டிக்கொண்டவர் உன் அப்பாதான். இத்தனை வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் அவர் என்னென்ன முணுமுணுத்திருக்கிறார் என்று இப்போதுதான் கேட்கிறேன். முதல் நாள் ரசத்தைப் பற்றி ஏதோ சொன்னார், நான் அடுக்களையிலிருந்தே பதில் சொன்னேன். மனிதருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

நேற்று மத்தியானம் அவர் ஒரு காரியம் செய்தார். பீரோவிலிருந்து நல்ல பேன்ட் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, இடுப்புப் பிடிக்கிறது, பிரித்துத் தைக்க வேண்டும் என்று கிளம்பினார். நம் தெருவிலேயே இரண்டு டெய்லர் இருக்கும்போது எங்கே போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது, பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் திரும்பி வந்தார். பேன்ட்டைக் கட்டிலில் விரித்து, தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டே, “கை சுத்தமான பொம்பள. நான் யாருன்னு சொல்லல. ஒக்கார வெச்சி மோர் குடுத்தாங்க” என்றார். பிறகு சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து, “அந்த இன்னொரு ரிமோட்டு எங்கமே?” என்று கேட்டார். பக்கத்துக் குண்டன் அவரானார். இரண்டு தடவை அவரால் கெட்டது, மூன்றாவது தடவை திரை விழுந்தது, நான் காலைத் தூக்காமல் காத்திருந்தேன். விசில் வந்தது. ஏதோ பெரிதாக நினைத்திருந்தேன், பால் தூக்கின் மூடி உரசுகிற மாதிரி சின்னதாக ஒரு சத்தம், அவ்வளவுதான். இருவரும் ஒன்றாக மிதித்தோம். ஒட்டிவைத்த டைல்ஸ் மறுபடி பெயர்ந்துவிட்டது, அதை அவர் காலாலேயே ஓரமாகத் தள்ளிவிட்டார்.

உனக்குக் கல்யாண புத்திமதி என்று நீட்டி முழக்க என்னிடம் சரக்கு இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அவள் பேசும்போது முகத்தைப் பார்த்து நீயாக அர்த்தம் பண்ணிக்கொண்டு தலையாட்டாதே. நான் அப்படித்தான் உன் அப்பாவோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன், நன்றாகத்தான் ஓடியது, ஆனால் அவர் சொன்னதில் பாதி எனக்கு இப்போதுதான் வந்து சேர்கிறது. அந்த மனிதர் இவ்வளவு வேடிக்கையாகப் பேசுவார் என்று முன்னமே தெரிந்திருந்தால் இன்னும் நிறையச் சிரித்திருக்கலாம். புரியவில்லை என்றால் இன்னொரு தடவை சொல் என்று கேள். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. அவளிடமும் சொல், முந்திக்கொண்டு அடிப்பதற்கு இந்த வீட்டில் நான் ஒருத்தி போதும். வேண்டுமானால் வந்து என்னோடு போட்டிக்கு மிதிக்கட்டும், டைல்ஸ் செலவு உன் அப்பாவுடையது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. வீடியோ போடாதே, உன் வாயைப் பார்த்தால் என் கண் வேலையைத் தொடங்கிவிடும். குரல் மட்டும் போதும். அப்பாவும் பக்கத்தில் இருப்பார். அம்மாவுக்குத்தான் தெரியுமே, அப்பாவிடம் கேட்டாயிற்றே என்று சுருக்கி முடித்துவிடாதே. அவளை எங்கே பார்த்தாய், முதலில் யார் பேசியது, ஏன் அவள்தான் என்று தோன்றியது, அன்று என்னிடம் என்ன கேட்டாயோ அதையும், முதலிலிருந்து உன் வாயால் சொல். நீ பேசி முடித்ததும் கொஞ்ச நேரம் என் பக்கம் சத்தமே வராது. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கூப்பிடாதே. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.